கொக்குத் தெருவின் எண்

ஆற்றோரத்து ஊரான எங்கள் போர்த்தோ லியோனியில் வீடு பார்க்க வருகிறவன் எத்தனை அறை என்று கேட்கமாட்டான். "தெருவுக்கு எத்தனை மீட்டர்?" என்றுதான் முதலில் கேட்பான். பாலத்தடியில் ஆறு எத்தனை மீட்டர் ஏறினால் அந்தத் தெருவுக்குள் தண்ணீர் நுழையும் என்பதுதான் அந்த எண். பன்னிரண்டு என்றால் முகம் மலரும். எட்டு என்றால், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, நல்ல வீடுதான், வீட்டுக்காரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிடுவான். அப்புறம் அவன் எங்கே வந்து சொல்ல?

இந்த எண்களோடுதான் வால்மோர் குடித்தனம் நடத்தினான் என்று அவன் மனைவி மார்லி கேலி பேசுவாள். பகலில் அவனுக்குத் துணி ஆலையின் சாயப் பிரிவில் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சம்பளமில்லாத இன்னொரு வேலை. ‘அளவுகோல்’ என்று ஒரு மென்பொருள். ஆற்றின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, உங்கள் தெருவின் எண்ணை அது தொடப்போகிறது என்றால் முன்கூட்டியே போனில் மணியடிக்கும். அது யாருடைய சொத்தும் இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம். எங்கள் பள்ளத்தாக்கில் தொடங்கியது, போகப்போக வடக்கே ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கிற ரெசிஃபே நகரம் வரைக்கும் போய்விட்டது. காசு வராத வேலைக்குத்தான் ஆள் எவ்வளவு தூரத்திலிருந்தும் வருகிறார்கள், என்ன அதிசயமோ.

அந்த ரெசிஃபேயில் இருந்தபடியே இதில் சேர்ந்தவள்தான் ஜுரேமா. நூலகத்தில் வேலை பார்க்கிறவள், வால்மோரைவிடப் பத்து வயது மூத்தவள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ‘அளவுகோல்’ ஒழுங்காக நடந்தது என்றால் அவள் போட்ட சட்டங்களால்தான். எல்லோருக்கும் பொதுவான மூலத்தில் யாரும் நேராகக் கை வைக்கக் கூடாது. தனியாக ஒரு பிரதி எடுத்து, அதாவது ஒரு கிளை பிரித்து, அதில் மாற்றத்தைச் செய்து, ஏன் செய்தேன் என்று ஒரு குறிப்பும் எழுதி அனுப்ப வேண்டும். இன்னொருவர் அதைப் படித்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அது மூலத்தோடு சேரும். ஒரு தடவைக்கு ஒரு காரியம்தான். அவரவர் செய்ததற்கு அவரவரே ஒப்புதல் கொடுத்துக்கொள்ளவும் முடியாது.

ஒரு தடவைக்கு ஒரு காரியம் என்பதுதான் வால்மோருக்கு வராது. உட்கார்ந்தால் நாலையும் ஒன்றாகச் செய்து முடிக்கிற ஆள். அந்த ஆகஸ்டில் அப்படித்தான் செய்தான். தெரு எண்கள் இருந்த அட்டவணை கன்னாபின்னாவென்று கிடந்தது. தசமத்துக்கு நாங்கள் காற்புள்ளி போடுகிறவர்கள், கம்ப்யூட்டரோ புள்ளி கேட்கும். சிலர் இப்படி, சிலர் அப்படி எழுதியிருந்தார்கள். வால்மோர் எல்லாக் காற்புள்ளியையும் புள்ளியாக்கினான், தெருக்களை அகரவரிசையில் அடுக்கினான், அதோடு விடாமல் ஏழெட்டுத் தெருக்களுக்குப் புது அளவையும் போட்டான். எல்லாம் ஒரே மாற்றம். குறிப்பு என்று ஒரே வார்த்தை எழுதினான்: ‘சுத்தம்.’

ஜுரேமா திருப்பி அனுப்பினாள். "தம்பி, வீடு பெருக்குறதும் சுவத்தை இடிக்கிறதும் ஒரே நாள்ல எதுக்கு? எல்லா வரியும் மாறியிருக்கு. எதை அழகுக்கு மாத்தின, எதை நெசமா மாத்தினேன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? ரெண்டாப் பிரிச்சு அனுப்பு" என்று எழுதியிருந்தாள். மழைக்காலம் வருகிறது, இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்று இவன் நச்சரித்தான். நாலு நாள் கழித்து அவளும் அலுத்துப்போய் ஒப்புதல் கொடுத்தாள். அன்றிலிருந்து அட்டவணையில் எந்தத் தெருவைத் தொட்டாலும், கடைசியாக மாற்றியவர் என்று வால்மோரின் பெயரும் சின்னப் படமும் வந்து நின்றன. எல்லா வரியையும் தொட்டவன் அவன்தானே.

மார்லியின் அப்பா ஆர்னோ கொக்குத் தெருவில் தனியாக இருந்தார். ஆலையில் தறி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி ஒரு வருஷமாக ஞாபகம் தப்பிப்போய், அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தோட்டத்தில் நிற்பார். மேட்டுத்தெருவில் மகள் வீட்டுக்கு வரச் சொன்னால், "என் கட்டில் இங்கதான் இருக்கு" என்பார். சரி, அளவுகோல் இருக்கிறது, மணியடித்ததும் காரை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்துவிடலாம் என்று மகளும் மருமகனும் தைரியமாக இருந்தார்கள். இரண்டு தடவை அப்படிக் கூட்டி வரவும் செய்தார்கள். அந்த இரண்டு தடவையும் ஆறு பத்து மீட்டரைத் தாண்டிய பெருவெள்ளம், கீழ்த்தெரு எல்லாவற்றுக்கும்தான் மணி அடித்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். மூன்று நாளாக மழை. வால்மோர் மேசையில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். ஆறு ஒன்பது மீட்டரில் நின்றது. ஒன்பது மீட்டர் பத்து சென்டிமீட்டரோடு அடங்கிவிடும் என்று கணிப்பு. கொக்குத் தெருவுக்கு எண் ஒன்பது நாற்பது.

"அப்பாவைப் போய்ப் பார்க்கணுமா?" என்று மார்லி கேட்டாள்.

அவன் போனை அவள் பக்கம் திருப்பினான். "முப்பது சென்டிமீட்டர் இடம் இருக்கு. ஏறவே ஏறாது. வேணும்னா சாப்பிட்டுட்டு ஒரு நடை போய்ட்டு வரலாம்."

அவளும் எட்டிப் பார்த்தாள். சரி என்றாள். காப்பி வைத்தாள், பொடி தூவிய வாழைப்பழக் கேக்கை அறுத்தாள்.

உண்மையில் கொக்குத் தெருவுக்குள் தண்ணீர் எட்டு எழுபதிலேயே நுழைந்துவிட்டது. தெருவில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு காலையிலேயே மேட்டுக்குப் போய்விட்டார்கள். ஆர்னோவைத்தான் மகள் வந்து கூட்டிக்கொண்டு போவாளே என்று யாரும் கதவைத் தட்டவில்லை. மணி அடிக்கவே இல்லை. இவர்கள் கேக் சாப்பிட்டு முடித்து, சாவகாசமாகக் கார் எடுத்துப் போனபோது தெருமுனையில் முழங்காலளவு, உள்ளே பள்ளத்தில் இடுப்பளவு. படகுக்காரர்கள் ஆர்னோவைச் சமையலறையில் கண்டெடுத்தார்கள். பாவம், ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன்.

அடக்கம் முடிந்து வெளியே வந்ததும் மார்லியின் அண்ணன் ஓஸ்னி வால்மோரைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனான். லாரி ஓட்டுகிறவன், சும்மா பேசினாலே ஊருக்குக் கேட்கும். அன்றைக்குச் சத்தம் போடவில்லை. போனை நீட்டினான். அளவுகோலின் பக்கம் திறந்திருந்தது. கொக்குத் தெரு, 9.40, பக்கத்தில் வால்மோரின் சிரித்த படம்.

"இது யாரு மச்சான்?"

"நான்தான்."

"மாத்தினது நீயா?"

"ஆகஸ்ட்ல எல்லாத்தையும் சுத்தம் பண்ணினேன். காற்புள்ளியை எடுத்துட்டு... அதுல எங்கயோ எண் இடம் மாறியிருக்கும் போல."

"சுத்தம் பண்ணினியா" என்றான் ஓஸ்னி. "நல்லாத்தான் பண்ணியிருக்க. எங்க வீட்டையே சுத்தமாக் காலி பண்ணிட்ட."

மார்லி இரண்டு அடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நேராகப் போய் அண்ணன் காரில் ஏறிக்கொண்டாள்.

ஊருக்கு அது போதும். ரொட்டிக் கடையில் வால்மோர் உள்ளே போனால் பேச்சு நிற்கும். ஆலையில் ஒருவன், "எங்க தெருவையும் சுத்தம் பண்ணிட்டியாப்பா, இல்ல மிச்சம் வெச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டான். வீட்டுக்குள்தான் தாங்க முடியவில்லை. மார்லி அப்பாவின் பழைய துணிகளோடு பின்னறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். தினமும் வேலை முடிந்து வந்து, அந்த அறை வாசலில் நின்று, "மார்லி, என்னை மன்னிச்சிடு" என்பான். அவள் துணி மடித்துக்கொண்டே இருப்பாள். திட்டினாலாவது தேவலை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

கம்ப்யூட்டரைத் தொடவே அவனுக்குப் பயம். பழைய அட்டவணையைத் திறந்தால் எந்த இடத்தில் தன் கை தவறியது என்று தெரிந்துவிடும். தெரியாத வரைக்கும், தெரியவில்லை என்றாவது இருக்கலாம். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. டிசம்பரில் மறுபடி மழை பிடித்தது. கொக்குத் தெருவுக்குச் சனங்கள் சேற்றைக் கழுவிவிட்டுத் திரும்பியிருந்தார்கள், குழந்தை குட்டிகளோடு. அட்டவணையில் எண் இன்னும் ஒன்பது நாற்பதாகவே இருந்தது.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். கிளை பிரித்தான், அன்றைக்குத் தண்ணீர் நுழைந்த மட்டத்தைப் பார்த்து 9.40 என்பதை 8.70 ஆக்கினான். இந்தத் தடவை ஒரே வரி, ஒரே காரியம். குறிப்பில் எழுதினான்: ‘என் தவறு. ஆகஸ்டில் சுத்தம் செய்தபோது கொக்குத் தெருவின் எண்ணை மாற்றிவிட்டேன். இதனால் ஒருவர் இறந்தார்.’ ஜுரேமாவுக்கு அனுப்பினான்.

அரை மணியில் பதில் வந்தது. ஒப்புதல் இல்லை.

"தம்பி, எண் சரி. குறிப்பு பொய். ஆகஸ்டுக்கு முந்தின அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அங்கயும் ஒன்பது நாற்பதுதான். காற்புள்ளி போட்ட ஒன்பது நாற்பது. நீ புள்ளிதான் வெச்ச. எண்ணை மாத்தல."

வால்மோர் அதை மூன்று தடவை படித்தான். அப்படியானால் தான் இல்லை. எழுந்து ஓடிப்போய்ப் பின்னறைக் கதவைத் தட்டவேண்டும் போலிருந்தது. பாதி எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். தான் இல்லையென்றால் யார்? அட்டவணையின் பழைய வடிவங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மாற்றத்தில் வந்து நின்றான். அப்போது கீழ்த்தெருக்களுக்கெல்லாம் புதுத் தளம் போட்டு உயர்த்தியிருந்தார்கள். பழைய எண்கள் செல்லாது, அந்தந்தத் தெருவாசிகளே அளந்து அனுப்புங்கள் என்று அளவுகோல்காரர்கள் கேட்டிருந்தார்கள். நாற்பது தெருக்காரர்கள் அனுப்பினார்கள். கொக்குத் தெருவுக்கு அனுப்பியவர் ஆர்னோ. ‘நானே அளந்தேன், ஒன்பது நாற்பது’ என்று குறிப்பு. அதன் கீழே ஒப்புதல்: ‘நல்லது மாமா, சேர்த்துட்டேன்.’ வால்மோர் எழுதியது. மாமனார் அளந்ததை மறுபடி அளந்து பார்க்கிற மருமகன் உலகத்தில் உண்டா?

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த வருஷம் ஆர்னோ வீட்டை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் மீட்டர் கேட்டுவிட்டுப் போனார்கள். எட்டு எழுபதுக்கு யார் வாங்குவார்கள்? அளந்தார், உண்மைதான். அளந்ததை எழுதவில்லை. வீடும் விற்கவில்லை, பொய்யான எண் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அதை எழுதினதையே அவர் மறந்தும் போனார்.

வால்மோர் ஜுரேமாவுக்கு எழுதினான். அளவுகோல்காரர்கள் பேச்சு எல்லாமே திறந்த பக்கத்தில்தான் நடக்கும், யாரும் படிக்கலாம், அதனால் வார்த்தையை எண்ணி எண்ணி எழுதினான். "அக்கா, குறிப்பு அப்படியே இருக்கட்டும். பழி என்மேல இருந்தா யாருக்கு நஷ்டம்? எண் சரியானாப் போதாதா?"

"போதாது" என்று எழுதினாள் ஜுரேமா. "ரெண்டு வருஷத்துக்கு முந்தின பதிவை நானும் பார்த்தேன். நீ புள்ளி வெச்சதுல தப்பு நடந்ததுன்னு எழுதினா, இதைப் படிக்கிறவன் ஒரு தெருவோட நிறுத்திடுவான். ஒரு ஆள் கூட்டி எழுதினான்னா, மிச்சம் முப்பத்தொன்பது தெருவுல எத்தனை பேர் கூட்டி எழுதியிருக்கான்? எல்லாத்தையும் மறுபடி அளக்கணும். பொய்க் குறிப்புக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் தம்பி. உன் கஷ்டம் எனக்குத் தெரியும். சீக்கிரம் சொல்லு, உங்க ஊர்ல மழைன்னு போட்டிருக்கான்."

இவள் சொல்வதில் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்? அதனாலேயே அவள்மேல் ஆத்திரமாக வந்தது. செத்துப்போன மனுஷனின் பெயரை இழுத்துத் தெருவில் போடு என்கிறாள். மார்லி இவனோடு பேசாமல் இருக்கிறாள் என்றாலும், அப்பாவின் சட்டைகளை இன்னும் மடித்துக்கொண்டு இருக்கிறாள். அந்த அப்பாதான் அந்த எண்ணை எழுதினார் என்று எப்படிப் போய்ச் சொல்வது? சொல்லி இவன் தப்பித்துக்கொண்டால், அந்த வீட்டில் இவனோடு யார் இருப்பார்கள்? சொல்லாமல் இருந்தால், அடுத்த தண்ணீரில் இன்னொரு தெருவில் இன்னொரு கிழவர். மழை கூரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. சனியன் பிடித்த மழை.

கடைசியில் எழுந்து போனான். பின்னறைக் கதவு திறந்துதான் இருந்தது. மார்லி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"மார்லி, கொக்குத் தெரு எண்ணை இன்னிக்குத் திருத்தணும். எப்படித் தப்பாச்சுன்னு எழுதச் சொல்றாங்க. ஆகஸ்ட்ல நான் மாத்தல. அதுக்கு முன்னாடியே..."

"தெரியும்" என்றாள்.

இரண்டு மாதத்தில் அவள் இவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"என்ன தெரியும்?"

"அப்பா அனுப்பினதுன்னு தெரியும். அன்னிக்கு நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். அளந்துட்டு வந்து எட்டு எழுபதுன்னு அடிச்சார். நான்தான் விடல. ஆலைத் தெருவுக்கு ஒன்பது நாற்பதுன்னு போட்டிருக்காங்க, அதையே போடுங்கப்பா, வாங்க வர்றவன் டேப் எடுத்துக்கிட்டா வரப்போறான்னு சொன்னேன். அவருக்கு மனசில்ல. நாலு தடவை சொல்லி எழுத வெச்சேன்."

வால்மோர் அறைக்குள் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"அன்னிக்குச் சாப்பிடும்போது நான் போனைக் காட்டினேனே மார்லி. ஒன்பது நாற்பதுன்னு நீயும் பார்த்தியே."

"பார்த்தேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எனக்கு ஞாபகமே வரல. சத்தியமா வரல. நான் சொன்ன பொய்ய நானே நம்பினேன். நம்பிட்டு உட்கார்ந்து கேக் தின்னேன்."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"ஓஸ்னி உன்கிட்ட போனை நீட்டினான்ல, அப்ப."

"அப்பவே தெரியுமா?" என்றான். "அப்ப இத்தனை நாளும்..."

"ஆமா. நீ நான்தான்னு ஒத்துக்கிட்ட. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீயே ஒத்துக்கிட்ட. அப்புறம் எனக்குத் திறக்க வரல. தினம் வந்து நின்னு மன்னிப்புக் கேட்ட. கேட்கக் கேட்க இன்னும் கஷ்டமாப் போச்சு. நீ தாங்கிப்பேன்னு விட்டுட்டேன். என்னால தாங்க முடியாதுன்னு எனக்குத் தெரியும்."

அவன் திரும்பிக் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தான். பழைய குறிப்பை அழித்தான். புதிதாக எழுதினான்: ‘கொக்குத் தெருவின் எண் 8.70. இரண்டு வருஷத்துக்கு முன் ஆர்னோ அனுப்பிய எண் அளந்த எண் அல்ல, கூட்டி எழுதியது. அளந்து பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தது நான். அந்தச் சமயத்தில் வந்த எல்லாத் தெரு எண்களையும் மறுபடி அளக்க வேண்டும்.’

மார்லி பின்னால் வந்து நின்று படித்தாள்.

"இதை எல்லாரும் படிப்பாங்களா?"

"படிப்பாங்க."

"நாளைக்கு வேண்டாம்னா அழிக்க முடியுமா?"

"முடியாது. இதுல வேலை செய்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் முழுப் பிரதி இருக்கு."

குறிப்பை மறுபடி ஒரு தடவை படித்தாள். "அப்ப என் பேரையும் போடு. சொன்னது நான். அப்பா பேரை மட்டும் போட்டா, அது இன்னொரு பொய்."

வேண்டாம், ஓஸ்னி உன்னைச் சும்மா விடமாட்டான், ஊர் உன்னைச் சும்மா விடாது என்று அவன் சொல்லியிருக்கலாம். இரண்டு மாதத்துக்கு முந்தைய வால்மோராக இருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பான். இப்போது வாயே வரவில்லை. ‘எண்ணைச் சொன்னது அவர் மகள் மார்லி’ என்று சேர்த்து அனுப்பினான். ஜுரேமா உடனே ஒப்புதல் கொடுத்துவிட்டாள். கொக்குத் தெருவின் எண் மூலத்தில் மாறியது.

இனி ரொட்டிக் கடையில் யார் உள்ளே போனால் பேச்சு நிற்கும் என்று வால்மோருக்குத் தெரியும். அதை நினைத்தபோது பரிதாபம் வரவேண்டும், வரவில்லை. தினம் தினம் அந்த வாசலில் போய் நின்றதுதான் திரும்பத் திரும்ப வந்தது. எண்ணை மாற்றியது இவனில்லை என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே என்று வயிறெரிந்தது.

"வால்மோர்" என்றாள் மார்லி. "என்னை மன்னிச்சிடு."

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து ஆலைத் தெரு, அதற்கடுத்து பாலத் தெரு, எல்லாவற்றையும் அளக்க வேண்டும். அவள் ஒரு வார்த்தைக்காக நின்றுகொண்டே இருந்தாள். அவனிடம் அந்த வார்த்தை இல்லை.